ராப் யெட்டன்: நைமேகன் நகர்மன்றத்திலிருந்து பிரதமர் நாற்காலி வரை

2025 அக்டோபர் 29-ல் நெதர்லாந்தில் தேர்தல் நடந்தது. யார் முதலிடம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நடுநிலைத் தாராளவாதக் கட்சியான டி66-க்கு 26 இடம், கேர்ட் வில்டர்ஸின் தீவிர வலதுசாரிக் கட்சியான பி.வி.வி.க்கும் 26 இடம், நாடு முழுக்கச் சேர்த்து ஓட்டு வித்தியாசம் சுமார் 30 ஆயிரம். முன்னால் நின்றது டி66. அதன் தலைவர் ராப் யெட்டனுக்கு அப்போது 38 வயது. நாலு மாதம் பேச்சுவார்த்தை இழுத்து, 2026 பிப்ரவரியில் அவர் பிரதமரானபோது உலகச் செய்திகள் இரண்டே விஷயத்தைப் பிடித்துக்கொண்டன: நாட்டின் மிக இளைய பிரதமர், தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகச் சொன்ன முதல் பிரதமர். இரண்டும் உண்மைதான். இதற்கு முன் இளைய பிரதமர் என்ற பெயர் 1982-ல் 43 வயதில் பதவிக்கு வந்த ரூட் லுப்பர்ஸுக்கு இருந்தது.

ஆனால் வயதைப் பார்த்து ‘திடீரென்று முளைத்தவர்’ என்று நினைத்தால் தப்பு. யெட்டன் கட்சியின் இளைஞர் அமைப்புக்குத் தலைவரானது 2008-ல். நகர்மன்ற உறுப்பினரானது 2010-ல். எம்.பி. 2017-ல், நாடாளுமன்றக் கட்சித் தலைவர் 2018-ல், அமைச்சர் 2022-ல். ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்காத நாட்டில், அடுத்த கட்சிக்காரர்களின் ஓட்டை எண்ணிப் பழகியவர்தான் மேலே போக முடியும். யெட்டன் அதைப் பழகியது நாடாளுமன்றம் இருக்கும் தி ஹேக்கில் இல்லை, நைமேகன் நகர்மன்றத்தில். அவருடைய கதையில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது அந்தப் பகுதிதான்.

முதலில் அங்கே எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கீழவையில் 150 இடம். தொகுதி என்பதே கிடையாது, முழு நாடும் ஒரே தொகுதி மாதிரி. கட்சிகள் வரிசையாகப் பெயர் எழுதிய பட்டியலைக் கொடுக்கும், வாக்காளர் அதிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பார், வாங்கிய ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கும். குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் வாங்க வேண்டும் என்று தனியாகத் தடை எதுவும் இல்லை, ஏறக்குறைய 0.67 சதவீதம் ஓட்டு வாங்கினாலே ஒரு இடம். அதனால் சபையில் பத்துப் பன்னிரண்டு கட்சிகளுக்கு மேல் இருப்பது அங்கே சாதாரணம். இந்த ஏற்பாட்டில் ஒரு இளைஞர் வளர, சொந்த ஊரில் செல்வாக்கு, சாதிக் கணக்கு, பணப்பெட்டி இதெல்லாம் பெரிதாகத் தேவைப்படாது. பட்டியலில் நல்ல இடம் வேண்டும். அந்த இடம் கட்சிக்காரர்களின் நம்பிக்கையில் கிடைப்பது, நம்பிக்கை வேலை பார்த்துக் காட்டினால் வருவது.

யெட்டன் பிறந்தது 1987 மார்ச் 25, தெற்கே வட பிராபண்ட் மாகாணத்தில் ஃபெகல் என்ற ஊரில். வளர்ந்தது பக்கத்தில் யூடனில். நைமேகனில் உள்ள ராட்பௌட் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்தார், அப்புறம் தண்டவாளங்களையும் சிக்னல்களையும் பராமரிக்கும் புரோரெயில் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நெதர்லாந்தில் ரயில் ஓட்டுவது ஒரு நிறுவனம், பாதையைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. புரோரெயில் இரண்டாவது வகை. ரயில் தாமதமானால் திட்டு மட்டும் கிடைக்கும், சரியாக வந்தால் யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், அப்படிப்பட்ட வேலை.

இந்த வேலையில் இருந்துகொண்டேதான் அவர் நகர்மன்ற உறுப்பினராகவும் இருந்தார். அங்கே அது முழுநேரப் பதவி இல்லை. ஒரு சிறு படித்தொகை வரும், வாரத்தில் ஏறக்குறைய இரண்டு வேலைநாள் அளவுக்கு நேரம் போகும், கூட்டங்கள் பெரும்பாலும் சாயங்காலம். பகலில் ஆசிரியர், நர்ஸ், கணக்காளர், ராத்திரி கவுன்சிலர். கையில் கட்டுக்கட்டாக அறிக்கைகள், எல்லாவற்றையும் படித்தாக வேண்டும்.

நகர்மன்றத்தின் அமைப்பும் கொஞ்சம் வித்தியாசமானது. மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நகர்மன்றம் பரிந்துரைக்க, அரசாணையின் பேரில் நியமனம் நடக்கும். அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பவர்கள் ‘வெத்ஹவுடர்’ என்ற நகர அமைச்சர்கள் மாதிரியானவர்கள். அவர்களை நியமிப்பது நகர்மன்றம், ஆனால் 2002 முதல் அவர்கள் மன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது. ஆக, நிர்வாகம் ஒரு பக்கம், அதைக் கேள்வி கேட்கும் மன்றம் இன்னொரு பக்கம். நைமேகன் மன்றத்தில் 39 இடம், அங்கேயும் ஒரு கட்சியால் தனியாக எதுவும் செய்ய முடியாது. யெட்டன் அங்கே டி66 குழுவின் தலைவராகவும் இருந்தார். குழுத் தலைவரின் வேலை என்ன? தன் ஆட்களை ஒன்றாக வைத்திருப்பது, மற்ற குழுத் தலைவர்களிடம் போய் ‘இதில் எங்களோடு வாருங்கள், அதில் நாங்கள் உங்களோடு வருகிறோம்’ என்று பேசுவது. 23 வயதில் இந்த வேலைக்குள் நுழைந்த ஒருவர் 30 வயதில் வெளியே வரும்போது பெரிய மேடைப் பேச்சாளராக ஆகியிருப்பாரோ இல்லையோ, எண்ணிக்கை போடத் தெரிந்திருக்கும்.

நைமேகன் சும்மா ஒரு ஊர் இல்லை. பல்கலைக்கழக நகரம், இடதுசாரிச் சாய்வு அதிகம், கம்யூனிஸ்ட் கியூபாவின் தலைநகரை வைத்து ‘வால் ஆற்றங்கரை ஹவானா’ என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள். யெட்டன் அங்கே கவுன்சிலராக இருந்த காலத்தில்தான் அந்த ஆற்றங்கரையே மாறியது. 1990-களில் வால் ஆறு கரையை உடைக்கும் அளவுக்கு ஏறி வந்ததால், கரையை இன்னும் இன்னும் உயர்த்துவதை விட்டுவிட்டு ஆற்றுக்கு இடம் கொடுப்போம் என்று தேசிய அளவில் ஒரு திட்டம் வந்தது. நைமேகனில் அதன் அர்த்தம்: வடகரையில் லென்ட் பகுதியில் அணைக்கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளுவது, இடையில் ஒரு புதிய கிளைக் கால்வாய் வெட்டுவது, நடுவில் ஒரு தீவை உண்டாக்குவது. அதற்காகச் சுமார் 50 வீடுகளை இடித்தார்கள். பணம் தேசிய அரசுடையது, கண்ணீர் லென்ட்காரர்களுடையது, நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச வேண்டியது நகராட்சி. வேலை 2012-ல் தொடங்கி 2016-ல் முடிந்தது. இப்போது வெயில் காலத்தில் அந்தக் கால்வாயில் ஜனங்கள் நீந்துகிறார்கள். இது யெட்டனின் சாதனை என்று சொல்லவே முடியாது, அவர் வருவதற்கு முன்பே முடிவான திட்டம் அது. ஆனால் தி ஹேக்கில் போடும் ஒரு பெரிய கோடு கீழே வரும்போது யார் வீட்டு அடுப்படி வழியாகப் போகிறது என்பதை ஒரு இளம் கவுன்சிலர் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பார்.

இன்னொன்றும் அந்தக் காலத்தில் நடந்தது, வெளியே அவ்வளவாகப் பேசப்படாதது. 2015 ஜனவரி 1 முதல் சிக்கலில் இருக்கும் சிறுவர், இளையோருக்கான நல உதவி, வயதானவர்களுக்கு வீட்டு உதவி, வேலை கிடைக்காதவர்களுக்கான உதவி என மூன்று பெரிய பொறுப்புகளை மத்திய அரசு நகராட்சிகள் தலையில் வைத்தது. மக்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் நன்றாகச் செய்வார்கள் என்பது காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறுப்போடு வந்த பணம் முன்பு செலவானதைவிடக் குறைவு. யாருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டு உதவி என்பதை நகராட்சிகளே வெட்டிக் குறைக்க வேண்டி வந்தது, திட்டு வாங்கியதும் அவர்கள்தான். அந்தத் தலைமுறைக் கவுன்சிலர்கள் தேசிய அரசியலுக்கு வந்த பிறகு ‘நகராட்சிகள் பார்த்துக்கொள்ளும்’ என்ற வாக்கியத்தைக் கேட்டாலே கொஞ்சம் நெளிவார்கள்.

2017 மார்ச்சில் டி66 19 இடம் வென்றது, யெட்டன் எம்.பி. ஆனார், நகர்மன்றத்தை விட்டார். அடுத்த வருஷம் அக்டோபரில், 12 வருஷம் கட்சியை நடத்திய அலெக்சாண்டர் பெக்டோல்ட் விலக, நாடாளுமன்றக் குழு யெட்டனைத் தலைவராக்கியது. 31 வயது, எம்.பி. ஆகி ஒன்றரை வருஷம். (பெக்டோல்டும் உள்ளாட்சியில் வளர்ந்தவர்தான், லைடனில் நகர நிர்வாகம், வாகனிங்கனில் மேயர். டி66-ல் இது ஒரு பழக்கப்பட்ட வழி.)

ஆரம்பமே சறுக்கல். தொலைக்காட்சி நிருபர்கள் என்ன கேட்டாலும் மனப்பாடம் செய்தது போல ஒரே மாதிரி பதில் சொன்னார், உடனே ‘ரோபோ யெட்டன்’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். சில மாதம் கழித்து, 2019 ஜனவரியில், ஆட்சியில் கூடவே இருந்த வலதுசாரித் தாராளவாதக் கட்சியான வி.வி.டி.யின் கிளாஸ் டைக்ஹோஃப் பத்திரிகைப் பேட்டியில் அவரைப் பருவநிலை விஷயத்தில் நச்சரிப்பவர் என்று சீண்டினார். நியாயமாகப் பார்த்தால் அந்த ரோபோப் பட்டத்தில் பாதி உண்மை இருந்தது. கூட்டணிக்குள் இருக்கும் கட்சியின் தலைவர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலும் அடுத்த நாள் அமைச்சரவைக்குள் சண்டை, அதனால் அளந்து பேசப் பழகியவர்களுக்குக் கேமரா முன்னால் அந்த அளவுகோல் வெளியே தெரிந்துவிடுகிறது. நகர்மன்றத்தில் கேமராக்கள் இப்படிச் சூழ்ந்து நிற்காது.

அந்தச் சமயத்தில் நடந்த உருப்படியான வேலை பருவநிலைச் சட்டம். பசுமை இடது கட்சியின் யெஸ்ஸ கிளாவர் தொடங்கிய மசோதா அது. கடைசியில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியுமாக ஏழு கட்சிகள் அதில் பெயர் போட்டன, டி66 சார்பில் யெட்டன். கார்பன் வெளியேற்றத்தை 1990-ஐவிட 2030-க்குள் 49 சதவீதமும் 2050-க்குள் 95 சதவீதமும் குறைக்க வேண்டும் என்று 2019-ல் சட்டமானது. கொஞ்ச காலத்தில் அவரே அமைச்சராகி, அதே சட்டத்தைத் திருத்தி 2030 இலக்கை 55 ஆக உயர்த்த வேண்டி வந்தது. தான் எழுதிய கடன் பத்திரத்தைத் தானே வந்து அடைப்பவர் அரசியலில் அபூர்வம்.

2020-ல் கட்சியின் முதன்மை வேட்பாளர் யார் என்ற போட்டி வந்தபோது அவர் நிற்கவில்லை. சிக்ரிட் காக் முன்னால் வந்தார், 2021 தேர்தலில் கட்சிக்கு 24 இடம். ஒதுங்கியது அவருக்கு நல்லதாகவே போயிற்று.

2022 ஜனவரி 10-ல், அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் நான்காவது அமைச்சரவையில் பருவநிலை, எரிசக்தித் துறை அமைச்சர் ஆனார். அங்கே அமைச்சரானால் எம்.பி. பதவியை விட வேண்டும், பட்டியலில் அடுத்தவர் உள்ளே வருவார். கையில் 35 பில்லியன் யூரோ பருவநிலை நிதி, இனிமையான ஆரம்பம். ஆறு வாரத்தில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது.

மே மாதக் கடைசியில், ரூபிளில் பணம் கட்ட மறுத்த நெதர்லாந்து நிறுவனத்துக்கு ரஷ்யாவின் காஸ்ப்ரோம் எரிவாயுவை நிறுத்தியது. ஜூனில் யெட்டன் எடுத்த முடிவைப் பாருங்கள்: நிலக்கரி மின்நிலையங்கள் 35 சதவீதத்துக்கு மேல் உற்பத்தி செய்யக் கூடாது என்ற கட்டுப்பாட்டை நீக்கினார். நிலக்கரியை ஒழிக்க வந்தவர் என்று ஊரே சொன்ன அமைச்சர் நிலக்கரிக்கு வழிவிட்டார். சேமிப்புக் கிடங்குகளைக் குளிர்காலத்துக்கு முன் நிரப்ப வேண்டும், எரிவாயுவை மின்சாரத்துக்கு எரித்துத் தீர்க்க முடியாது, கணக்கு அவ்வளவுதான். எதிர்ப்பாளர்கள் சிரித்தார்கள், பசுமை ஆர்வலர்கள் கோபப்பட்டார்கள், கிடங்கு நிரம்பியது. செப்டம்பரில் வடக்கே எம்ஸ்ஹாஃபனில் மிதக்கும் திரவ எரிவாயு முனையமும் இயங்க ஆரம்பித்தது.

அப்புறம் விலை உச்சவரம்பு. 2023 முழுக்க வீடுகளுக்கு 1,200 கன மீட்டர் வரை எரிவாயு 1.45 யூரோவுக்கும், 2,900 யூனிட் வரை மின்சாரம் 40 சென்ட்டுக்கும் மேல் போகாது, மிச்சத்தை அரசு கொடுக்கும். அதற்கு மேல் செலவழித்தால் சந்தை விலை. பசுமைக் கட்சிக்காரர்கள் விரும்பும் வடிவம் இது: அடிப்படைத் தேவைக்கு மானியம், வீணடிப்புக்கு இல்லை. ஆனால் பழைய, குளிர் உள்ளே வரும் வாடகை வீட்டில் இருப்பவருக்கு 1,200 கன மீட்டர் போதாது என்ற விமர்சனம் வந்தது, அது நியாயமான விமர்சனம்தான்.

அணுமின் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. அணுசக்தியில் பெரிய நம்பிக்கை இல்லாத கட்சியிலிருந்து வந்தவர், போர்செலேயில் இரண்டு புதிய அணு உலைகள் கட்டலாம் என்று அறிவித்தார், கூட்டணி ஒப்பந்தம் அப்படி. 2023 ஏப்ரலில் சுமார் 120 நடவடிக்கைகள் அடங்கிய 28 பில்லியன் யூரோ திட்டத்தைக் கொண்டுவந்தார்.

இவ்வளவு இருந்தும், அவருடைய அமைச்சர் காலத்தில் எதிர்காலத்துக்குப் பாடம் சொல்லும் சம்பவம் என்று நான் எடுப்பது ஒரு தோல்வியை. வீட்டுக் கூரையில் சோலார் போட்டவர்கள் பகலில் மின்கட்டமைப்புக்குத் தரும் மின்சாரத்தை ராத்திரி எடுக்கும் மின்சாரத்தோடு சரிக்குச் சரி கழித்துக்கொள்ளும் வசதி அங்கே இருந்தது. சோலார் வேகமாகப் பரவ அதுதான் காரணம். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் நண்பகல் மின்சாரத்தைக் கொண்டு வந்து கொட்டினால் மின்கட்டமைப்பு தாங்காது, செலவு கூரை இல்லாதவர்கள் பில்லில் ஏறும். இதைப் படிப்படியாக நிறுத்த யெட்டன் கொண்டுவந்த மசோதா கீழவையில் நிறைவேறியது. 2024 பிப்ரவரியில் மேலவை அதைத் தோற்கடித்தது. கீழே பெரும்பான்மை இருந்தால் மட்டும் போதாது என்பதை அவர் அன்றைக்கே பட்டுத் தெரிந்துகொண்டார்.

இதற்கிடையில் 2023 ஜூலையில் புகலிடக் கொள்கைச் சண்டையில் ருட்டே அரசு கவிழ்ந்திருந்தது. சிக்ரிட் காக் விலகினார், யெட்டன் கட்சித் தலைவரானார். நவம்பர் தேர்தலில் டி66 24-லிருந்து 9-க்கு இறங்கியது, வில்டர்ஸ் 37 இடத்தோடு முதலில் வந்தார். முதல் தேர்தலிலேயே இப்படி அடிவாங்கிய தலைவரைப் பல கட்சிகள் அடுத்த வாரமே மாற்றிவிடும். டி66 மாற்றவில்லை. 2006-ல் மூன்று இடத்துக்குச் சுருங்கி, பிறகு மெல்ல மெல்ல ஏறிய அனுபவம் அந்தக் கட்சிக்கு உண்டு.

அடுத்து வந்த டிக் ஸ்கோஃப் அரசு நான்கு கட்சிகள் சேர்ந்து நடத்தி, ஒரு வருஷத்திலேயே 2025 ஜூனில் வில்டர்ஸ் வெளியேறியதால் முடிந்தது. தொடர்ந்த பிரச்சாரத்தில் யெட்டன் ஆள் மாறித் தெரிந்தார். தேசியக் கொடியை மேடையில் வைத்தார், ‘முடியும்’ என்ற ஒரே தொனியில் பேசினார், வீட்டுப் பற்றாக்குறைக்குப் பத்துப் புதிய நகரங்கள் என்று தைரியமாக ஒரு யோசனை சொன்னார், புகலிட விண்ணப்பங்களை ஐரோப்பாவுக்கு வெளியே பரிசீலிக்கலாம் என்று கட்சியின் பழைய நிலையிலிருந்து வலது பக்கம் நகர்ந்தார். ஒரு பிரபலமான தொலைக்காட்சி வினாடி வினாவிலும் கலந்துகொண்டு சிரிக்கச் சிரிக்கப் பதில் சொன்னார், ரோபோப் பட்டம் அங்கேயே கரைந்துபோயிற்று. கொடியும் புன்னகையும் சேர்ந்து கொள்கை மாற்றத்தை மறைத்துவிட்டன என்று இடதுசாரிகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. புகலிடப் பிரச்சினையில் 2021-ன் டி66 வாக்காளர் எதிர்பார்த்தது இதை இல்லை.

ஜெயித்த பிறகு சிக்கல் தொடங்கியது. 22 இடம் வைத்திருந்த வி.வி.டி.யின் டிலான் யெசில்கோஸ், பசுமை இடதும் தொழிற்கட்சியும் சேர்ந்த ‘பசுமை இடது – தொழிற்கட்சி’ கூட்டோடு ஆட்சியில் உட்கார மாட்டேன் என்றார். வலதுசாரிக் கட்சியான ஜா21-ஐச் சேர்க்க யெட்டனுக்கு விருப்பமில்லை. மிஞ்சியது டி66, வி.வி.டி., 18 இடம் வென்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி சி.டி.ஏ. மூன்றும் சேர்ந்த 66 இடம். கீழவையில் பெரும்பான்மைக்குத் தேவை 76. சரி, சிறுபான்மை அரசாகவே நடத்துவோம் என்று ஜனவரியில் முடிவெடுத்தார்கள். நெதர்லாந்தில் பெரும்பான்மை இல்லாமல் அரசமைக்கத் திட்டமிட்டே இறங்குவது அபூர்வம்.

இப்போது அவருடைய கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். வலது பக்கம் ஜா21-ன் 9 இடத்தைச் சேர்த்தால் 75, ஒன்று குறைகிறது. ஜனவரியில் வில்டர்ஸ் கட்சியிலிருந்து ஏழு பேர் பிரிந்து தனிக்குழுவானார்கள், அவர்களிடமும் கேட்கலாம், ஆனால் கேட்டால் சொந்தக் கட்சிக்குள் புகையும். இடது பக்கம் பசுமை இடது – தொழிற்கட்சியின் 20 இடம் சேர்ந்தால் கீழவை தாராளமாகத் தாண்டும், அவர்களோ மருத்துவக் காப்பீட்டில் நோயாளி முதலில் கையிலிருந்து கட்டும் 385 யூரோவை உயர்த்துவது, வேலையில்லாதவர் உதவியைச் சுருக்குவது போன்ற கூட்டணி முடிவுகளைத் தொடாமல் கை தூக்க மாட்டார்கள். மேலவையில் நிலைமை இன்னும் மோசம்: 75 இடத்தில் 2023-ல் அந்த மூன்று கட்சிகளும் வென்றது 21 மட்டும், இடதுசாரிக் கூட்டின் 14-ஐச் சேர்த்தாலும் 35, பெரும்பான்மைக்கு மூன்று குறைவு. ஆக, ஒவ்வொரு மசோதாவுக்கும் தனித்தனிக் கூட்டாளி, ஒவ்வொரு பட்ஜெட் தலைப்புக்கும் தனிப் பேரம். பாதுகாப்புச் செலவுக்கு வலது பக்கம், பருவநிலைக்கு இடது பக்கம், வீட்டுக்கு யார் வந்தாலும் சரி.

39 பேர் மன்றத்தில் சாயங்காலங்களில் குழுத் தலைவராக உட்கார்ந்து செய்த வேலைதான் இது, தொகைதான் பல பில்லியன். அங்கே தோற்றால் ஒரு சைக்கிள் பாதை ஒரு வருஷம் தள்ளிப்போகும், இங்கே தோற்றால் அரசே போகும். மேலவையின் கணக்கு மாற வேண்டுமென்றால் 2027 மார்ச் வரை காத்திருக்க வேண்டும். அப்போதுதான் மாகாண சபைத் தேர்தல், மேலவையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் மாகாண சபை உறுப்பினர்கள்தான்.